ஆர்டர் எங்க மாட்டிக்கிச்சு? லிஸ்ப் மேக்ரோ வச்சு ஒரு குட்டி மொழி கட்டுன கேஸ்

இது ஒரு ஆர்டர் சிஸ்டத்தோட கதை. ஆர்டர் வரும், பணம் வரும், பேக் ஆகும், கூரியர் எடுத்துட்டுப் போவான், கைக்குப் போகும், நடுவுல யாராவது ரத்து பண்ணுவாங்க, அவ்வளவுதான் விஷயம். ஆனா அந்த ‘அவ்வளவுதான்’ எங்க கோட்ல ஆறு ஃபைல்ல சிதறிக் கிடந்துச்சு. டேட்டாபேஸ் டேபிள்ல நிலைன்னு ஒரு நெடுவரிசை, அதுல ஒரு ஸ்ட்ரிங், யாருக்குத் தேவையோ அவங்க அவங்க ஃபைல்ல இருந்து அந்த ஸ்ட்ரிங்க மாத்துவாங்க, இன்னொரு ஃபைல் அதப் படிச்சு இஃப் எல்ஸ் போட்டுக்கும்.

ஒரு நாள் சில ஆர்டர் நகரவே இல்ல. எரர் லாக் சுத்தமா இருக்கு, எந்த அலர்ட்டும் இல்ல, ஆனா பொருள் கைக்குப் போய் சேர்ந்த ஆளுக்கும் சிஸ்டம் ‘வந்துட்டு இருக்கு’ன்னே காட்டுது. அரை நாள் தேடுனப்பறம் தெரிஞ்சுது, ஒரு ஃபைல்ல யாரோ (நான்தான்) நிலைய ‘வழில’ன்னு எழுதி வச்சிருக்கேன், மத்த எல்லா இடமும் ‘வழியில்’னு தேடுது. ரெண்டும் சரியான ஸ்ட்ரிங்தான, கம்பைலர் எதுக்கு கத்தப் போகுது. எந்த இஃப்லயும் பொருந்தாம அந்த ஆர்டருங்க அப்படியே அந்தரத்துல நின்னுருச்சு. அன்னைக்கு டேட்டாபேஸ்ல கையால மாத்தி விட்டோம். அந்த கையால மாத்துன விஷயம் பின்னாடி திரும்ப வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

இதுக்கு ரெண்டு சுலபமான வழி இருக்கு. ஒன்னு, நிலைகள ஒரு ஈனம் (enum, செல்லுபடியாகுற பேருங்களோட பட்டியல்) மாதிரி ஒரே இடத்துல வச்சிட்டு எல்லாரும் அத மட்டும் யூஸ் பண்றது. எழுத்துப்பிழை போயிடும், ஆனா எந்த நிலைல இருந்து எங்க போகலாம்ங்குற விஷயம் இன்னும் ஆறு ஃபைல்லதான் கிடக்கும். ரெண்டாவது, எல்லாத்தையும் ஒரு யாமல் ஃபைல்ல (YAML, செட்டிங்ஸ் எழுதி வைக்குற டெக்ஸ்ட் ஃபைல்) போட்டு ஸ்டார்ட் ஆகும்போது படிக்குறது. இத இதுக்கு முன்னாடி ஒரு வேலைல பண்ணி கை சுட்டுக்கிட்டேன். முதல் மாசம் அழகா இருக்கும், அப்பறம் ஒருத்தர் வந்து ‘தொகை 5000க்கு மேல இருந்தா மட்டும்’ம்பாரு, அத ஒரு ஸ்ட்ரிங்கா யாமல்குள்ள எழுதுவோம், அதப் படிக்க ஒரு குட்டி பார்சர், அதுக்கு ‘மற்றும்’, ‘அல்லது’, அப்பறம் ஒரு வேரியபிள், கடைசில பாத்தா கம்பைலரும் இல்லாம டீபக்கரும் இல்லாம ஒரு மொழிய நம்மளே அறியாம கட்டி வச்சிருப்போம். மொழி கட்டுறதுன்னு ஆகிப்போச்சுன்னா தெரிஞ்சே கட்டிடலாமேன்னு தோணுச்சு. சர்வர் ஏற்கனவே காமன் லிஸ்ப்ல (லிஸ்ப்ங்குற பழைய ப்ரோக்ராம் மொழியோட ஒரு வகை), எஸ்பிசிஎல்ல (அதோட கம்பைலர்கள்ல ஒன்னு) ஓடிட்டு இருந்ததால மேக்ரோ கையிலேயே இருந்துச்சு.

மேக்ரோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு பத்தி, தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. சி மொழில வர்ற மேக்ரோ எழுத்துக்கு பதில் எழுத்து ஒட்டுற வேலை, இது அது இல்ல. லிஸ்ப்ல கோடுங்குறதே ஒரு லிஸ்ட். மேக்ரோங்குறது கம்பைல் ஆகுற நேரத்துல ஓடுற ஒரு சாதாரண ஃபங்ஷன், அதுக்கு நீங்க எழுதுன கோடு மதிப்பு கண்டுபிடிக்காம லிஸ்ட்டாவே கைல வரும், நீங்க அத வெட்டி ஒட்டி வேற ஒரு லிஸ்ட்டா திருப்பிக் குடுத்தா அதுதான் கம்பைல் ஆகும். வேடிக்கை என்னன்னா 1958ல ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்ப ஆரம்பிச்சப்போ, மனுஷங்க எழுதுறதுக்கு எம்-எக்ஸ்ப்ரஷன்னு பாக்குறதுக்கு லட்சணமா ஒரு வடிவம் வரும், இந்த அடைப்புக்குறி வடிவம் மெஷினுக்கு உள்ளுக்குள்ள மட்டும்தான்னு திட்டம். அந்த லட்சணமான வடிவம் நிலைக்கவே இல்ல, எல்லாரும் அடைப்புக்குறியிலயே எழுதிப் பழகிட்டாங்க. 1963ல டிமோதி ஹார்ட் எம்ஐடில ஒரு சின்ன மெமோ எழுதி லிஸ்ப்ல மேக்ரோவ நுழைச்சாரு. கோடும் டேட்டாவும் ஒரே உருவத்துல இருந்ததாலதான் அது அவ்வளவு சுளுவா உள்ள போச்சு. இன்னைக்கு காமன் லிஸ்ப் ஸ்டாண்டர்ட்ல ஸ்பெஷல் ஆபரேட்டர்னு (மொழிக்குள்ளயே அடிப்படையா இருக்குற வார்த்தைங்க) இருக்குறது மொத்தமே 25தான், நாம தினமும் எழுதுற டெஃபன், காண்ட், கேஸ், வென் எல்லாமே மேக்ரோ. லூப்னு ஒன்னு இருக்கு, அது அடைப்புக்குறிக்கு நடுவுல குடித்தனம் நடத்துற தனி மொழியே.

(கீழ வர்ற கோட்ல லிஸ்ப்போட சொந்தப் பேருங்களையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன். ஓட்டிப் பாக்கணும்னா அத மட்டும் மாத்திக்கோங்க, எங்க சொந்தப் பேருங்கள எஸ்பிசிஎல் அப்படியே ஏத்துக்கும்.)

முதல்ல கையால எழுதுனது

இதுல நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம், மேக்ரோவத் தொடாம மூணு நாள் இருந்ததுதான். முதல்ல பேப்பர்ல, மொழி இருந்தா எப்படி எழுதுவேன்னு எழுதிப் பாத்தேன்:

(ஓட்டம் ஆர்டர்
  (நிலை புதுசு
    (பணம்-வந்துச்சு => பேக்கிங் (ரசீது-அனுப்பு))
    (ரத்து => ரத்தானது)
    (2 நாள் ஆனா => ரத்தானது))
  (நிலை பேக்கிங்
    (கூரியர்-எடுத்தாச்சு => வழியில் (தகவல்-அனுப்பு))
    (ரத்து => ரத்தானது (பணத்த-திருப்பு)))
  (நிலை வழியில்
    (கைக்கு-போச்சு => முடிஞ்சது)
    (திரும்பி-வந்துச்சு => பேக்கிங்))
  (முடிவு முடிஞ்சது ரத்தானது))

ஆர்டர் டெஸ்க்ல இருக்குற அக்காகிட்ட இத காட்டுனேன். அவங்க ப்ரோக்ராம் எழுதுறவங்க இல்ல. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, “தம்பி, ரத்து ரெண்டு எடத்துல இருக்கு, வழியில் இருக்கும்போது ரத்து பண்ணா என்ன ஆகும்? அதுதான எனக்கு தினம் வர்ற கேள்வியே”ன்னாங்க. ஆறு ஃபைல்ல யாருக்கும் கண்ணுல படாத ஓட்டை, ஒரு பக்கத்துல எழுதுனவுடனே தெரிஞ்சிருச்சு. மேக்ரோ ஒரு வரி கூட இன்னும் எழுதல, பாதி பலன் கெடச்சாச்சு. அந்த ரத்துக்கு ‘திரும்ப-அழைச்சது’ன்னு தனி நிலை வேணும்னு அப்பதான் முடிவாச்சு.

அடுத்து, இதே விஷயத்த மேக்ரோ இல்லாம சாதா லிஸ்ப்ல எழுதுனா எப்படி இருக்கும்னு எழுதிப் பாத்தேன்:

(டெஃபன் ஆர்டர்-அடுத்து (நிலை நிகழ்வு)
  (ஈகேஸ் நிலை
    (புதுசு
      (கேஸ் நிகழ்வு
        (பணம்-வந்துச்சு (ரசீது-அனுப்பு) 'பேக்கிங்)
        (ரத்து 'ரத்தானது)
        (அதர்வைஸ் (தப்பான-நிகழ்வு நிலை நிகழ்வு))))
    ...))

இது ஓடுது, டெஸ்ட் பாஸ் ஆகுது. இப்ப மேக்ரோவோட வேலை ரொம்ப தெளிவாயிடுச்சு: மேல இருக்குற லிஸ்ட் உள்ள வந்தா கீழ இருக்குற லிஸ்ட் வெளிய போகணும், அவ்வளவுதான். எங்க போய் சேரணும்னு தெரியாம மேக்ரோ எழுத உக்காந்தா மூணு லெவல் பேக்கோட்டுக்குள்ள (விரியப் போற கோடுக்கு அச்சு மாதிரி எழுதுற குறி) போய் வெளிய வர வழி தெரியாம உக்காந்திருக்க வேண்டியதுதான், நான் உக்காந்திருக்கேன்.

கடைசில நின்ன மேக்ரோ இவ்வளவுதான்:

(டெஃப்மேக்ரோ ஓட்டம் (பேர் &பாடி வரிகள்)
  (லெட் ((மரம் (பிரி வரிகள்)))
    (சரிபார் பேர் மரம்)
    (கட்டு பேர் மரம்)))

பிரி, சரிபார், கட்டு மூணுமே வெறும் ஃபங்ஷன். லிஸ்ட் குடுத்தா லிஸ்ட் தரும், டெஸ்ட் எழுதலாம், ட்ரேஸ் போடலாம். ‘2 நாள் ஆனா’ங்குறத 172800 செகண்டா மாத்துறதும் பிரியோட வேலைதான், அது கம்பைல் நேரத்துலயே முடிஞ்சிடும், ஓடும்போது யாரும் நாளு மணின்னு கணக்கு போட்டுட்டு இருக்க மாட்டாங்க. ஆனா இந்த நாலு வரிக்கு வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு குழில விழுந்து எந்திரிச்சேன், அதுதான் இந்த கேஸோட மெயின் சரக்கு.

பாப் பண்ணது ஒரு தடவ, போனது ரெண்டு

முதல் வர்ஷன்ல ‘நகர்த்து’ன்னு ஒரு மேக்ரோ இருந்துச்சு, நிகழ்வு எதுன்னு சொன்னா ஆர்டர நகர்த்தி விடும். அது விரியும்போது ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஒப்பீடு போட்டுச்சு. கூப்பிடுற எடத்துல நான் எழுதுனது இது:

(நகர்த்து ஆர்டர் (பாப் வரிசை))

பாக்க ஒன்னுமே இல்ல, வரிசைல இருந்து ஒரு நிகழ்வ எடுத்துக் குடுக்குது. ஆனா விரிஞ்சு வந்தது இப்படி:

(காண்ட் ((ஈக் (பாப் வரிசை) 'பணம்-வந்துச்சு) ...)
        ((ஈக் (பாப் வரிசை) 'ரத்து) ...))

மேக்ரோவுக்கு வர்றது பாப் பண்ண மதிப்பு இல்ல, ‘பாப் பண்ணு’ங்குற வாக்கியம். அத எத்தன எடத்துல ஒட்டுறோமோ அத்தன தடவ ஓடும். வரிசைல முதல் நிகழ்வு ரத்துன்னு வைங்க, முதல் ஒப்பீடு அத எடுத்துப் பாத்து பணம் இல்லன்னு தூக்கிப் போட்டுடும், ரெண்டாவது ஒப்பீடு அடுத்த நிகழ்வ எடுக்கும். கஸ்டமர் ரத்து பண்ணது காத்தோட போச்சு. கொடும என்னன்னா என் டெஸ்ட் எல்லாத்துலயும் முதல் நிகழ்வு பணம்-வந்துச்சுதான், அதனால எல்லாம் பச்சையா இருந்துச்சு.

இதுக்கு புக்கு மருந்து, ஜென்சிம் வச்சு யாரும் யோசிக்க முடியாத பேர்ல ஒரு வேரியபிள் செஞ்சு, மதிப்ப ஒரு தடவ அதுல வாங்கிட்டு, அப்பறம் அத மட்டும் ஒப்பிடுறது. ஸ்கீம்ங்குற இன்னொரு லிஸ்ப் பக்கம் இருக்குறவங்க 1986லயே ஹைஜீனிக் மேக்ரோன்னு பேப்பர் போட்டு, பேர் ஒன்னோட ஒன்னு மோதுற பிரச்சனைய மொழியே பாத்துக்குற மாதிரி வழி பண்ணிட்டாங்க, காமன் லிஸ்ப்ல அந்தப் பொறுப்பு நம்ம தலைலதான். (ரெண்டு தடவ ஓடுறது வேற வியாதி, அத ஹைஜீன் கூட காப்பாத்தாது.) நான் ஜென்சிம் போட்டு சரி பண்ணிட்டு, அடுத்த நாள் காலைல அந்த மேக்ரோவையே தூக்கிட்டு ஃபங்ஷனா மாத்துனேன். நகர்த்துங்குறதுக்கு புது இலக்கணம் எதுவும் தேவைப்படல, ஒரு மதிப்ப வாங்கி வேலை பாக்குது, அதுக்கு ஃபங்ஷன் போதும். இப்ப மொத்த மொழில மேக்ரோ ரெண்டே ரெண்டுதான் இருக்கு.

என் லேப்டாப்ல ஓடுது

ஓட்டத்த படமா வரஞ்சா நல்லா இருக்கும்னு கிராஃப்விஸ்க்கு (டெக்ஸ்ட்ல இருந்து வரைபடம் போடுற டூல்) ஒரு ஃபைல் எழுதுற வேலை சேத்தேன். நிலைகள் எல்லாம் மேக்ரோ விரியும்போது கைலதான இருக்கு, அப்படியே ஒரு ஹாஷ் டேபிள்ல போட்டு வச்சேன். என் மெஷின்ல படம் சூப்பரா வந்துச்சு. சர்வர்ல வெள்ளைப் பேப்பர்.

என் மெஷின்ல கம்பைல் பண்ண அதே லிஸ்ப் ப்ராசஸ்லதான் படமும் வரைஞ்சேன், டேபிள் நிறைஞ்சிருந்துச்சு. சர்வர்ல கம்பைல் ஆன ஃபாஸ்ல் ஃபைல மட்டும் புது ப்ராசஸ் லோட் பண்ணுது, மேக்ரோ அங்க ஓடவே ஓடாது, அது கம்பைல் நேரத்துலயே ஓடி முடிஞ்சு செத்துப் போச்சு. விரியும்போது டேபிள்ல போடாம, டேபிள்ல போடுற வாக்கியத்தையே விரிஞ்ச கோட்டுக்குள்ள ஒரு வரியா வெளிய அனுப்பணும், அப்பதான் லோட் ஆகும்போது அது நடக்கும். எந்த வேலை எப்ப நடக்குதுங்குற இந்தக் குழப்பம்தான் மேக்ரோ எழுதுறதுல நிஜமான கஷ்டம், பேக்கோட்டும் கமாவும் ஒரு வாரத்துல பழகிடும்.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். பிரி, சரிபார் எல்லாம் சாதா ஃபங்ஷன்னு சொன்னேன்ல, மேக்ரோ கம்பைல் நேரத்துல அதக் கூப்பிடுது, அப்ப அந்த ஃபங்ஷனும் கம்பைல் நேரத்துல உயிரோட இருக்கணும். ஆர்ஈபிஎல்ல (ஒவ்வொரு வரியா அடிச்சு உடனே ஓட்டிப் பாக்குற எடம்) எல்லாத்தையும் ஏத்தி வச்சுட்டு வேலை பாக்குறப்போ இருக்கும், சுத்தமான பில்ட்ல அந்த ஃபைல் கம்பைல் ஆகும்போது இருக்காது, பிரின்னு ஒரு ஃபங்ஷன் இல்லன்னு செத்துடும். ஈவல்-வென்குள்ள (கம்பைல் நேரத்துலயும் ஓட்டுன்னு சொல்ற வாக்கியம்) போடலாம், இல்லன்னா தனி ஃபைல்ல வச்சு முன்னாடியே லோட் பண்ணலாம். நான் தனி ஃபைல். இன்னொன்னும் இங்கயே சொல்லிடுறேன், மேக்ரோவ மாத்துனா அத யூஸ் பண்ற ஃபைல் எல்லாம் திரும்ப கம்பைல் ஆகணும், பழைய விரிவு உள்ள ஒட்டிப் போய் உக்காந்திருக்கும். ஏஎஸ்டிஎஃப்ல (லிஸ்ப்போட பில்ட் டூல்) சார்பு சரியா எழுதியிருந்தா அதுவே பாத்துக்கும்.

சப்ஸ்ட்னு ஒரு குறுக்கு வழி

ஒவ்வொரு நிகழ்வோடயும் கொஞ்சம் தகவல் வரும், எவ்வளவு பணம், எந்த கூரியர்னு. ஆக்‌ஷன் எழுதுறவங்க ‘தகவல்’னு எழுதுனா அது கிடைக்கணும். நான் என்ன பண்ணேன்னா, ஆக்‌ஷன் கோடு முழுக்க சப்ஸ்ட் (லிஸ்ட்ல ஒன்னுக்கு பதில் இன்னொன்ன வைக்குற ஃபங்ஷன்) போட்டு தகவல்ங்குற சிம்பல் (லிஸ்ப்ல ஒரு பேர்) எங்க இருந்தாலும் ஜென்சிம் பேரா மாத்திட்டேன். லிஸ்ட்தான, மாத்த வேண்டியதுதான.

ஒரு ஆக்‌ஷன்ல (லாக் 'தகவல் "கூரியர் எடுத்தாச்சு")னு இருந்துச்சு, அங்க தகவல்ங்குறது லாக் வகைக்கு வெறும் பேரு, வேரியபிள் இல்ல. சப்ஸ்ட்க்கு அதெல்லாம் தெரியாது, க்வோட் (முன்னாடி ' குறி, ‘இது வெறும் பேர்’னு அர்த்தம்) போட்டதுக்குள்ளயும் புகுந்து மாத்திடுச்சு, லாக்ல ஜி417ன்னு ஏதோ ஒரு பேர் வந்து விழுந்துட்டு இருந்துச்சு. கோடு லிஸ்ட்தான், ஆனா லிஸ்ட்டுக்குள்ள எது வேரியபிள், எது க்வோட், எது ஃபங்ஷன் பேருன்னு தெரியணும்னா மொத்த மொழியையும் புரிஞ்சுக்குற ஒரு கோடு-வாக்கர் வேணும், அத எழுத உக்காந்தா வருஷம் போயிடும்.

இதுல இன்னொரு நஷ்டமும் சேந்துச்சு, அது கண்டுபிடிக்க நாளாச்சு. எஸ்பிசிஎல் ஒரு வார்னிங் சொல்லும்போது சோர்ஸ்ல எந்த எடம்னு காட்டும்ல, அது ரீடர் (சோர்ஸ் எழுத்த லிஸ்ட்டா மாத்துற பகுதி) படிச்ச கான்ஸ் செல்லையே (லிஸ்ட்டோட ஒரு கண்ணி) அடையாளமா வச்சுதான் எடத்த கண்டுபிடிக்குது. சப்ஸ்ட் எங்கெல்லாம் மாத்துதோ அங்கெல்லாம் புது லிஸ்ட் செஞ்சு குடுத்துடுது, பழைய செல் போச்சு, எடமும் போச்சு. ஆக்‌ஷன்ல ஒரு எழுத்துப்பிழைன்னா இருக்குற மொத்த ஓட்டத்தையும் காட்டி ‘இதுக்குள்ள எங்கயோ’ங்கும். எழுபது வரி ஓட்டத்துல இது உதவியா? இப்ப ஆக்‌ஷன் கோட்ட தொடுறதே இல்ல, யூசர் எழுதுன லிஸ்ட் அப்படியே உள்ள போகுது, வெளிய ஒரு லெட் போட்டு தகவல்ங்குற பேர வேணும்னே தெரியுற மாதிரி விட்டிருக்கேன். சுத்தபத்தமா இருக்குறவங்க இத கேப்சர்னு (மேக்ரோ வச்ச பேர் யூசர் கோடுக்குள்ள புகுறது) திட்டுவாங்க. தெரிஞ்சு பண்ணி, டாக்ல எழுதியும் வச்சிருக்கேன், திட்டிக்கட்டும்.

வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு மொழி

சரிபார்ங்குற ஃபங்ஷன்தான் இந்த மொத்த கூத்துக்கும் காரணம்னு இப்ப தோணுது. மேக்ரோ கைல ஓட்டத்தோட முழு வரைபடமும் இருக்கு, அதுவும் ப்ரோக்ராம் ஓடுறதுக்கு முன்னாடியே. அப்ப கேக்க வேண்டியத எல்லாம் அங்கயே கேட்டுடலாம். அம்புக்குறி காட்டுற நிலை நிஜமாவே இருக்கா? ஒரே நிலைல ஒரே நிகழ்வு ரெண்டு தடவ வருதா? முதல் நிலைல இருந்து ஆரம்பிச்சு போய் சேரவே முடியாத நிலை இருக்கா? வெளிய போக வழி இல்லாத நிலை, முடிவுன்னும் சொல்லல, அப்படி ஏதாவது? ஒவ்வொன்னும் பத்து பதினஞ்சு வரிதான். கடைசியா சொன்னது ஓடுன முதல் நாளே ஒன்ன பிடிச்சுது, அக்கா கேட்டு நான் சேத்த அதே ‘திரும்ப-அழைச்சது’தான், உள்ள போக வழி எழுதிட்டு வெளிய வர வழி எழுத மறந்துட்டேன்.

எரர் மெசேஜ்க்கு மேக்ரோவ விட அதிக நேரம் போச்சு, வருத்தமே இல்ல. முதல்ல டிஸ்ட்ரக்சரிங்-பைண்ட் (லிஸ்ட்ட பிரிச்சு வேரியபிள்ல போடுறது) தூக்கி எறியுற எரரையே விட்டுட்டேன், லிஸ்ட் நீளம் பொருந்தலன்னு லிஸ்ப்போட பாஷைல ஏதோ சொல்லும், மொழிய யூஸ் பண்றவனுக்கு அது தெலுங்கா கன்னடமான்னே தெரியாது. இப்ப வர்றது:

ஓட்டம் ஆர்டர், நிலை பேக்கிங்: கூரியர்-எடுத்தாச்சு வந்தா ‘வழில’க்கு போகச் சொல்லியிருக்கு, அப்படி ஒரு நிலை இல்ல. ‘வழியில்’னு எழுத நினைச்சீங்களா?

கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குற பேர தேடி காட்டுறது ரொம்ப பழைய வித்தைதான். ஆனா இந்த மெசேஜ் முதல் தடவ ஸ்க்ரீன்ல வந்தப்போ எனக்கு அந்த அரை நாள் ஞாபகம் வந்துச்சு.

அம்புக்குறியால ஒரு அசட்டுத்தனமும் நடந்துச்சு. பிரில அந்த => குறிய ஈக் (ரெண்டும் அதே ஒரே பொருளான்னு பாக்குறது) வச்சு ஒப்பிட்டிருந்தேன். ரிட்டர்ன் வேலைய பாக்குற இன்னொருத்தர் அவரோட பேக்கேஜ்ல (சிம்பல் பேருங்கள தனியா வைக்குற பெட்டி) ஒரு ஓட்டம் எழுதுனாரு, எல்லா வரியும் தப்புன்னு சொல்லிடுச்சு. அவர் எழுதுன => அவர் பேக்கேஜோட சிம்பல், என்னோடது என் பேக்கேஜோடது, கண்ணுக்கு ஒன்னு, ஈக்குக்கு ரெண்டு. லூப் எப்படி இத சமாளிக்குதுன்னு பாத்தா, அது தன் கீவேர்டெல்லாம் சிம்பல் பேர வச்சுதான் ஒப்பிடுது, எந்த பேக்கேஜ்னு பாக்கறதே இல்ல. பெரியவங்க பண்ணத நாமளும் பண்ணுவோம்னு ஸ்ட்ரிங்-ஈக்வலுக்கு மாறியாச்சு.

தமிழ்ல பேர் வச்சதால வந்தது ஒன்னு இருக்கு, இத வேற எங்கயும் நான் படிச்சதில்ல. லிஸ்ப் ரீடர் சிம்பல எல்லாம் பெரிய எழுத்தாக்கும், தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால அந்தத் தொல்லை கிடையாது, நிம்மதியா இருந்தேன். கூரியர் பக்கத்துல இருந்து வர்ற ஜேசன்ல நிகழ்வு பேர் ஸ்ட்ரிங்கா வரும், அத ஃபைண்ட்-சிம்பல் போட்டு தேடுவோம் (இல்லன்னா புதுசா உண்டாக்குற இன்டர்ன் போடாதீங்க, வெளிய இருந்து வர்ற குப்பையெல்லாம் சிம்பலா மாறி மெமரில தங்கிடும்). ‘கைக்கு-போச்சு’ மட்டும் சில சமயம் கிடைக்கும், சில சமயம் அப்படி ஒரு நிகழ்வே இல்லங்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்ல. ‘போ’வ மட்டும் வெட்டி லெங்த் கேட்டேன், ஒன்னுக்கு 2ங்குது, இன்னொன்னுக்கு 3ங்குது. யூனிகோட்ல ஓகாரத்த ஒரே குறியாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியா போட்டும் எழுதலாம், ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒன்னுதான். எஸ்பிசிஎல் ரீடர் கோட்ல இருக்குற சிம்பல படிக்கும்போது தானே நார்மலைஸ் (ஒரே வடிவத்துக்கு மாத்துறது) பண்ணிடுது, அதனால என் பக்கம் எப்பவும் ஒரே குறி. ஸ்ட்ரிங்க அது தொடாது. உள்ள வர்ற எடத்துல ஒரு நார்மலைஸ் வரி போட்டதும் சரியாச்சு. ‘ரத்து’ல இந்த மாதிரி எழுத்து இல்லாததால அது ஒரு தடவ கூட மாட்டல, அதுதான் எங்கள ரொம்ப நாள் சுத்தல்ல விட்டுச்சு.

ஆசைப்பட்டு சேத்து அப்பறம் பிடுங்கி எறிஞ்சதும் உண்டு. ரீடர் மேக்ரோ (ரீடர் எழுத்த படிக்குற விதத்தையே மாத்துறது) வச்சு சதுர அடைப்புக்குள்ள [தொகை > 5000] மாதிரி நடுவுல குறி போட்டு எழுத வழி பண்ணேன், டெமோல எல்லாரும் கைதட்டுனாங்க. ஒரு வாரத்துலயே எடிட்டர்ல இன்டென்ட் கோணலாச்சு, பெருக்கல் முதல்லயா கூட்டல் முதல்லயான்னு வரிசை சண்டை வந்துச்சு, யாரோ ‘தொகை>5000’னு இடைவெளி இல்லாம எழுத அது முழுசும் ஒரே சிம்பலா போச்சு. (> தொகை 5000)னு எழுதச் சொன்னேன், அக்கா ஒரு நாள் முறைச்சாங்க, அப்பறம் பழகிட்டாங்க. மேக்ரோ அளவோட நின்னா லிஸ்ப்போட மத்த டூலெல்லாம் கூடவே வரும், ரீடர்ல கைய வச்சா அதெல்லாம் ஒன்னொன்னா கழண்டுக்கும். அதத் தாண்டி போறவங்களும் இருக்காங்க, 2001ல வந்த ஜாக் அண்ட் டாக்ஸ்டர் கேமுக்கு நாட்டி டாக் ஆளுங்க கோல்னு சொந்தமா ஒரு லிஸ்ப்பே செஞ்சு அதுக்கு கம்பைலரும் எழுதிக்கிட்டாங்க, ஆனா அது முழுநேர வேலை, நமக்கு ஆர்டர் நகர்ந்தா போதும்.

டீபக் பண்றது எப்படின்னு கேப்பீங்க. ஸ்டாக் ட்ரேஸ்ல ஆர்டர்-அடுத்துன்னு ஒரு ஃபங்ஷன் தெரியும், அத யாரும் எழுதல, மேக்ரோ எழுதுனது. புதுசா சேர்றவங்க அந்தப் பேர ஃபைல்ல தேடிட்டு இல்லன்னு வந்து நிப்பாங்க. மேக்ரோஎக்ஸ்பாண்ட்-1 போட்டு மேக்ரோ என்னவா விரியுதுன்னு காட்டுனா பாதி தெளிவாகிடும், அதனாலதான் விரிஞ்ச கோடு மனுஷன் எழுதுன மாதிரியே இருக்கணும்னு பிடிவாதமா இருந்தேன், கேஸுக்குள்ள கேஸ், வேற வித்தை எதுவும் கிடையாது.

இன்னும் முழுசா தீராதது ஒன்னுதான். சரிபார் கோட்டத்தான் பாக்கும், டேட்டாபேஸ் அதுக்குத் தெரியாது. இன்னைக்கு ஒரு நிலைய ஓட்டத்துல இருந்து எடுத்துட்டா, அந்த நிலைல ஏற்கனவே நிக்குற ஆர்டர் என்ன ஆகும்? கம்பைல் சுத்தமா ஆகும், அந்த ஆர்டர் திரும்பவும் அந்தரத்துல. இப்போதைக்கு சர்வர் கிளம்பும்போது டேட்டாபேஸ்ல இருக்குற நிலை எல்லாத்தையும் ஒரு தடவ எடுத்து ஓட்டத்தோட ஒப்பிட்டு, தெரியாத நிலை இருந்தா கிளம்ப மாட்டேன்னு நிக்குற மாதிரி வச்சிருக்கு. பேர் மாறுன நிலைகளுக்கு மொழில ஒரு வரி சேத்தோம். ரெண்டா பிரிஞ்ச நிலைக்கு இன்னும் கையாலதான்.

அந்த செக் போட்டு முதல் தடவ சர்வர கிளப்புனப்போ கிளம்பல. ‘வழில’ன்னு ஒரு நிலைல ரெண்டு ஆர்டர் நிக்குதுன்னுச்சு, அன்னைக்கு கையால மாத்துனதுல தப்பிச்சது. பொருள் எப்பவோ போய் சேந்துருச்சு, சிஸ்டத்துக்குத்தான் தெரியல. டேட்டாபேஸ்ல போய் கைய வைக்காம ஓட்டத்துல இத சேத்தேன்:

(முன்ன-இருந்துச்சு வழில => வழியில்)

சர்வர் கிளம்புச்சு. ரெண்டுக்கும் அக்காவ விட்டு கைக்கு-போச்சு அடிக்கச் சொன்னேன், முடிஞ்சதுன்னு வந்துச்சு.